அடித்தரை இல்லாத சேறு

வயல் சேற்றில் இறங்கிப் பழகியவர்களுக்கு நான் சொல்ல வருவது சட்டென்று புரிந்துவிடும். சேறு எவ்வளவு ஆழமாக இருந்தாலும் நம் பக்கத்து வயலில் அதற்கு ஓர் அடித்தரை உண்டு. கால் முழங்கால் வரை உள்ளே போகும், அதோடு நின்றுவிடும். குதிகால் கெட்டித் தரையில் உட்கார்ந்துகொள்ளும். அதை நம்பித்தான் ஏர் பூட்டினோம். அதை நம்பித்தான் பெண்கள் நாள் முழுக்கக் குனிந்து நட்டார்கள். ஒரு காலை அழுத்தி ஊன்றி மறு காலை உருவி எடுக்கிற அந்த நடை யாரும் கற்றுக்கொடுக்காமலே நமக்கு வந்துவிடுகிறது.

அந்த நடைதான் என் அப்பாவைக் கொல்லப் பார்த்தது. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச வராது. தினமும் டீக்கடை பெஞ்சில் என்னோடு உட்கார்கிற உங்களுக்கே அது தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த வருடம் உங்களுக்கும் நினைவிருக்கும். ஆடி பாதி போயும் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்தோம். வயல் வெடிப்பில் என் கால் கணுக்கால் வரை மாட்டிக்கொள்ளும். நான் அஞ்சாவது முடித்திருந்தேன். ஆறாவதுக்கு நீடாமங்கலம் போகவேண்டும். தண்ணீர் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அதன் பிறகு யாரும் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் அப்போது எல்லாவற்றுக்கும் அதுதான் பதில். கூரை மாற்ற வேண்டுமா, தண்ணீர் வரட்டும். அம்மாவின் பல்வலிக்கு வைத்தியரிடம் போக வேண்டுமா, தண்ணீர் வரட்டும்.

அப்பா சேற்றுழவுக்குப் பேர்போனவர். தண்ணீர் விட்டதும் சுற்றுவட்டாரத்தில் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். முழங்கால் சேற்றில் மாட்டுக்குப் பின்னால் அவர் நடப்பது ரோட்டில் நடப்பதுபோல இருக்கும். அந்த வருடம் அவர் காலில் சேறே படவில்லை. குதிகால் இரண்டும் பாளம் பாளமாக வெடித்து ரத்தம் கசிந்தது. வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த வாசனை வீடு முழுக்க இருந்தது. விடிந்ததும் மதகுவரை நடந்துபோய், தண்ணீர் வருகிறதா என்று மேற்கே பார்த்துவிட்டு வருவார்.

அப்பாவுக்கு ஒரே தங்கை. என் அத்தை. அவளைக் கோடியக்கரைக்கு மேற்கே, உப்பளங்களுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமா உப்பளத்தில் வேலை பார்த்தார். அந்தச் சித்திரையில் அத்தை ஒருவயதுப் பெண்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தனியாக வந்தாள். மாமாவுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது, ஆள் பாதியாகிவிட்டார், எங்களை இங்கே அழைத்துக்கொள், தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய்க் காட்டலாம் என்று அண்ணனிடம் கேட்டாள்.

"வீட்டுல நெல்லு இல்ல தங்கச்சி," என்றார் அப்பா. "ஆத்துல தண்ணி வரட்டும். வந்த அன்னிக்கே வண்டி கட்டிக்கிட்டு வந்து மூணு பேரையும் அழைச்சுட்டு வந்துடுறேன்."

அத்தை அதை நம்பினாள். அப்பாவும் பொய் சொல்லவில்லை. காய்ச்சல் தண்ணீருக்காகக் காத்திருக்கும் என்று அவர் நினைத்துவிட்டார். அவ்வளவுதான்.

ஆடியில் ஒருநாள் விடியற்காலை, கேதம் சொல்ல ஓர் ஆள் வந்தார். வாசலில் நின்றபடியே சொன்னார். மாமா முதல் நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் போய்விட்டார். இன்று பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்கள்.

"கோடி வர்ற வரைக்கும் வச்சிருப்பாங்க," என்றார் அந்த ஆள். "ஆனா ராத்திரி தாங்காது. நேத்தே கண்ணு மூடினது."

எனக்குக் கோடி என்றால் கோடியக்கரைதான். கோடி எப்படி அங்கே வரும் என்று குழம்பிக்கொண்டு நின்றேன். புருஷன் செத்தால் பெண்டாட்டிக்கு அவள் பிறந்த வீட்டுக்காரர்கள் புதுப்புடவை கொண்டுபோய்ப் போர்த்துவார்கள் என்பதும், அதற்குப் பேர் கோடி என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அது நனையாத, மடிப்புக் கலையாத துணியாக இருக்கவேண்டும். பிணத்தை எடுப்பதற்கு முன்னால் போர்த்தவேண்டும். கருமாதிக்கு எடுக்கிற துணி வேறு, அது யாரும் எடுக்கலாம். இது அண்ணனோ தம்பியோ கொண்டுவர வேண்டியது. கோடி போட்டவனுக்குத்தான் அந்தப் பந்தலில் பேச வாய் உண்டு. என் தங்கையை நான் அழைத்துப்போகிறேன் என்று அவன் சொன்னால் மறுக்க முடியாது.

"கோடியப் போட்டு, காரியம் முடிஞ்சதும் கையோட அழைச்சுட்டு வந்துடுவேன்," என்றார் அப்பா. "இனிமே தண்ணி வந்தா என்ன, வராட்டி என்ன."

நீடாமங்கலத்தில் கடை திறக்கும்வரை வாசலில் நின்றோம். கடைக்காரர் நைலக்ஸ் புடவைகளை எடுத்துப் போட்டார்.

"நூல் புடவையா குடுங்க. அது உப்புக் காத்துல கெடக்குற உடம்பு," என்றாள் அம்மா.

"வெள்ளையா?"

"அதுக்கு என்ன வயசாயிடுச்சு வெள்ளை கட்டுறதுக்கு? கலர்ல குடுங்க."

கத்தரிப்பூ நிறத்தில் ஒன்றை அம்மாவே எடுத்தாள். மஞ்சள் துணிப்பையில் போட்டுக் கொடுத்தார்கள். திருத்துறைப்பூண்டி வரை பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்திருந்தாள். நான் தொடப்போனபோது கையைத் தட்டிவிட்டாள்.

அங்கிருந்து இன்னொரு பஸ். அது எங்களை இறக்கிவிட்ட ஊரோடு தார் ரோடு முடிந்தது. அதற்கு மேல் ஒரு செம்மண் ரோடு உப்பளத்தைச் சுற்றிக்கொண்டு அத்தை ஊருக்குப் போகும். அதில் சாயங்காலம் ஒரே ஒரு பஸ். கரையோரமாக ஒற்றையடிப் பாதையில் போனால் சீக்கிரம் என்று யாரோ சொன்னார்கள். நடந்தோம்.

கடல் என்றால் அலை அடிக்கும் என்று நினைத்திருந்தேன். பள்ளிப் புத்தகத்தில் படம் அப்படித்தான் இருந்தது. இங்கே அலையே இல்லை. மண் எங்கே முடிகிறது, சேறு எங்கே தொடங்குகிறது, தண்ணீர் எங்கே என்று சொல்ல முடியாமல் எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில் கிடந்தது. அழுகிய இலையும் கருவாடும் கலந்த ஒரு வாடை. சேற்றில் ஊசி குத்தியதுபோல ஆயிரம் பொத்தல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் குமிழி. ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெரிதாக, சிவப்பாக உள்ள நண்டுகள் அதை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தன. கண்ணைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஒரு மீன் துடுப்பை ஊன்றிச் சேற்றில் நடந்து போனது. நான் நின்றுவிட்டேன். அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். "வேடிக்கை பார்க்க வந்தியா?"

கொஞ்ச தூரத்தில் கரை உள்வாங்கியது. அலையில்லாத கடல் நிலத்துக்குள் புகுந்து ஆழமில்லாமல் பரந்து கிடந்தது. அதை அங்கே கழி என்கிறார்கள். கழியில் அங்கங்கே பச்சைப் புதர் மண்டிய திட்டுகள் இருந்தன. ஒவ்வொரு திட்டையும் சுற்றி, சேற்றிலிருந்து விரல் விரலாக வேர்கள் மேலே நீட்டிக்கொண்டிருந்தன. திட்டுகளுக்கு அந்தப்புறம் தென்னை மரங்கள். அதுதான் அத்தை ஊர். அங்கிருந்து பறைச் சத்தம் கேட்டது. காற்று இந்தப் பக்கம் திரும்பும்போது நன்றாகவே கேட்டது.

அப்பா கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். "உக்காந்து அடிக்கிற அடிதான். இன்னும் தூக்கல."

பிணம் பந்தலில் இருக்கும்வரை ஓர் அடி, தூக்கியபிறகு வேறு அடி. அது எனக்கும் தெரியும். கரையோரமாகச் சுற்றினால் பாதை வில்லாக வளைந்து வெகுதூரம் போனது. நேராகப் பார்த்தால் திட்டுக்குத் திட்டு வரப்பு போட்டதுபோல வரிசையாக இருந்தது.

நம் பக்கத்தில் திட்டு என்றால் என்ன? வெள்ளம் வந்தால் மாட்டை ஓட்டிக்கொண்டு போய் ஏறுகிற மேடு. ஏறிவிட்டால் பயமில்லை. அப்பாவும் அப்படித்தான் பார்த்தார்.

அங்கே ஒரு பெண் இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு நண்டு பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கரைக்கா?" என்றாள். மஞ்சள் பையைப் பார்த்தாள். "கேதத்துக்கா போறீங்க? தண்ணி வடிஞ்சிருக்கு. போறதுன்னா சுருக்காப் போயிடுங்க. நடுவுல நின்னுடாதீங்க. ஓரமாச் சுத்திப் போனா இன்னும் நல்லது. சேறு பழக்கமாண்ணே?"

அப்பா சிரித்தார். சித்திரைக்குப் பிறகு அவர் சிரித்து நான் அப்போதுதான் பார்க்கிறேன். "சேறு பழக்கமான்னு கேக்குது பாரு," என்று அம்மாவிடம் சொன்னார். "நாங்க சேத்துலயே பொறந்தவங்கம்மா."

"அப்பச் சரி," என்று அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இத்தனை வருடம் கழித்து அந்தப் பேச்சை நினைத்தால் ஒரே ஒரு சொல்தான் கண்ணில் படுகிறது. வடிந்திருக்கிறது என்றாள். நமக்குத் தண்ணீர் வடிந்தால் வடிந்ததுதான். யாராவது மடையைத் திறந்தால் தவிர அது திரும்பி வராது. அவள் சொன்னது அப்படி இல்லை. இப்போதைக்கு வடிந்திருக்கிறது, திரும்பி வரும், அதற்குள் போய்விடு என்று சொன்னாள். இருவரும் தமிழில்தான் பேசிக்கொண்டார்கள்.

அப்பா செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். ஒரு காலை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். வெடித்த குதிகாலுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. எனக்கும் அதே குதிகால்தான்.

முதல் திட்டுக்கு எளிதாகவே போனோம். கெட்டியான சேறு, கணுக்காலுக்கு மேல் ஏறவில்லை. திட்டில் சிப்பியும் மணலும் இருந்தன. அப்பா முன்னால், நான் நடுவில், அம்மா தலையில் பையோடு பின்னால்.

"நடவுக்கு வந்த மாதிரி இல்ல?" என்றார் அப்பா திரும்பி.

"சாவு வீட்டுக்குப் போறோம். பல்லக் காட்டாம நடங்க," என்றாள் அம்மா.

இரண்டாவது திட்டுக்கும் அப்படியே போனோம். மூன்றாவதற்கு ஒரு வயல் அகலம்தான் இடைவெளி. அதில் சேறு பளபளவென்று, எண்ணெய் தடவியதுபோல இருந்தது. நண்டுப் பொத்தல் ஒன்றுகூட இல்லை. அப்பா நேராக நடந்தார். முழங்கால் வரை போனது. அவர் கவலைப்படவில்லை. முழங்கால் வரை போவதுதானே சேறு. வழக்கம்போல ஒரு காலை அழுத்தி ஊன்றி மறு காலை உருவினார். ஊன்றிய கால் தொடை வரை போனது. மறு காலை ஊன்றி இதை எடுக்கப் பார்த்தார். இரண்டும் போனது. அடித்தரையைத் தேடித்தேடி அவர் அழுத்த அழுத்த, உள்ளே போய்க்கொண்டிருந்தார். இடுப்பு வந்ததும்தான் நின்றார். அவர் முகத்தில் பயம் இல்லை. யாரோ கூட்டத்தில் அவரைக் கை நீட்டி அடித்துவிட்டதுபோல இருந்தது.

"கீழ ஒண்ணுமே இல்ல," என்றார்.

நான் லேசு. கெண்டைக்கால் வரைதான் போனேன். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்துத் திட்டில் போட்டாள். அப்பாவின் செருப்பில் ஒன்று அப்போதுதான் கையிலிருந்து போனது. அம்மா தன் தலையில் சுற்றியிருந்த துண்டை வீசினாள். பாதி தூரம்கூட எட்டவில்லை. புதரில் ஒரு கிளையை ஒடித்து நீட்டினாள். அப்பா பிடித்து இழுத்ததும் அது முறிந்தது. அவர் இன்னும் கொஞ்சம் இறங்கினார்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. அடுப்பில் கடுகு பொரிவதுபோல, தூரத்தில். நண்டுகள் எல்லாம் வளைக்குள் ஓடின. கிழக்கே பார்த்தேன். கண்ணாடித் தாள் விரித்ததுபோல ஒரு மெல்லிய தண்ணீர் சேற்றின்மேல் வந்துகொண்டிருந்தது.

"தண்ணி வருதுப்பா," என்றேன்.

ஆடி முழுக்க அந்தச் சொல்லைக் கேட்கத்தான் எங்கள் ஊரே காத்திருந்தது.

அம்மா மஞ்சள் பையைப் பார்த்தாள்.

"அதத் தொடாத," என்றார் அப்பா. "கோடிய அவுக்காத. மடிப்புக் கலைஞ்சா போச்சு."

"கையக் குடுங்க."

"சொன்னாக் கேளுடி. அது தங்கச்சி கோடி."

"அப்ப எனக்கு நாளைக்குக் கோடி எடுக்கச் சொல்றீங்களா?"

அவ்வளவுதான் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. அப்பா கையை நீட்டினார். அம்மா புடவையை உதறினாள். கஞ்சி மொடமொடப்போடு அது காற்றில் விரிந்தது. ஒரு முனையைப் புதரின் அடித்தண்டில் கட்டினாள், மறு முனையில் முடிச்சுப் போட்டு வீசினாள். அப்பா அதைக் கக்கத்துக்கடியில் சுற்றிக்கொண்டார். நானும் அம்மாவும் இழுத்தோம். வரவில்லை. "படுங்க, குப்புறப் படுங்க," என்று அம்மா கத்தினாள். அவளுக்கு அது எப்படித் தோன்றியது என்று தெரியாது. நிற்பதையே தொழிலாக வைத்திருந்த மனுஷன் சேற்றில் நெஞ்சைப் போட்டுப் படுத்தார். புடவை முறுக்கேறிக் கயிறுபோல ஆனது. நூல் தெறிக்கும் சத்தம் கேட்டது, ஆனால் அறுந்துபோகவில்லை. கால்கள் ஒவ்வொன்றாக, சப்புக்கொட்டுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு வெளியே வந்தன.

திட்டில் மூன்று பேரும் கிடந்தோம். எங்களைச் சுற்றி நாலா பக்கமும் தண்ணீர் ஏறியிருந்தது. ஆழம் ஒன்றும் இல்லை, முழங்கால்தான் இருக்கும். ஆனால் அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று இப்போது எங்களுக்குத் தெரியும். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. அம்மா புடவையைப் பிழிந்துகொண்டிருந்தாள். சாம்பல் நிறத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

வெயில் சாய்ந்தபோது அக்கரையில் பறையின் அடி மாறியது. அப்பா முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அந்தச் சத்தம் தென்னை மரங்களுக்குப் பின்னால் நகர்ந்து நகர்ந்து போய், நின்றது.

பொழுது அடையும் நேரத்தில் தோணிக்காரர் ஒருவர் கழியில் கம்பு ஊன்றி வந்தார். எங்களை ஏற்றிக்கொண்டார். அப்பாவின் மார்பு வரை இருந்த சேற்றுக் கோட்டைப் பார்த்தார்.

"வயக்காட்டு ஆளுங்களா?" என்றார்.

கேலியாகச் சொல்லவில்லை. அப்படித்தான் இருக்கும் என்று தெரிந்தவர்போலச் சொன்னார். அப்பா குனிந்து கழித் தண்ணீரை அள்ளி அள்ளி உடம்பைக் கழுவ ஆரம்பித்தார். கழுவிக்கொண்டே அம்மாவிடம் மெதுவாகப் பேசினார்.

"இதப் பத்தி வாயத் தொறக்காத. சேத்துல சிக்கிக்கிட்டேன், பொம்பள இழுத்து வெளிய போட்டான்னு ஊருக்குத் தெரிஞ்சா எவன் என்னை ஏர் பிடிக்கக் கூப்பிடுவான்?"

"கோடி எங்கன்னு கேப்பாங்களே?"

"எடுக்கலன்னு சொல்லிக்கிறேன். அந்தத் துணியத் தண்ணியில விட்டுடு. சேத்துல பொரண்டத அது மேல போத்துறதா?"

அம்மா தோணியின் ஓரத்தில் கையை விட்டாள். துணி பையோடு தண்ணீரில் போய்விட்டது என்று அப்பா நினைத்தார். நான் அவள் பக்கத்தில் இருந்தேன். பை அவள் புடவைக்கு அடியில் இருந்தது.

பந்தலில் மாமாவின் அண்ணன் தலை ஈரத்தோடு உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அப்பாவை மேலும் கீழும் பார்த்தார்.

"பொழுது போற வரைக்கும் வச்சிருந்தோம். கோடி எங்க?"

"எடுக்க முடியல," என்றார் அப்பா.

"வழி தெரியலயா, மனசு வரலையா?"

அப்பா மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார்.

"எம்பொண்டாட்டி புடவைய எடுத்துத்தான் போத்துனோம். அப்ப அது எங்க வீட்டுப் பொண்ணு. கை கால் கழுவிட்டுச் சாப்பிட்டுட்டுப் போங்க."

உள்ளே அத்தை குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரோரம் இருந்தாள். யாருடையதோ பழைய புடவை அவள் தோள்மேல் கிடந்தது. பந்தலில் அப்பா சொன்னது அவள் காதில் விழுந்திருக்கும். அம்மா போய் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் பக்கத்திலேயே நின்றேன். அழுகைக்கு நடுவில் அம்மா மஞ்சள் பையை அவள் மடிக்குக் கீழே தள்ளினாள். அத்தை பைக்குள் கையை விட்டாள். வெளியே எடுத்து விரல்களை மூக்குக்குக் கொண்டுபோனாள். அந்த வாடையை அவளைவிட யாருக்குத் தெரியும்?

"கழிச் சேறு," என்றாள். பிறகு, "அண்ணனா?" என்றாள்.

அம்மா தலையசைத்தாள்.

"உசுருக்கு ஒண்ணும் இல்லியே அண்ணி?"

அவள் எழுந்து பந்தலுக்கு வந்து, இதோ என் அண்ணன் கொண்டுவந்த கோடி என்று காட்டியிருக்கலாம். அது பத்துப் பேர் நடுவில் அண்ணனை மறுபடியும் சேற்றில் இறக்குவதுபோல ஆகும் என்று நினைத்தாளோ என்னவோ. பையைப் பாய்க்கு அடியில் தள்ளி அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். அப்பா வாசலிலிருந்து அவளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெறுங்கையோடு வந்தவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் குனிந்தாள் என்று அப்பா நினைத்தார். சாகும்வரை அப்படியே நினைத்தார்.

கருமாதிக்கு அப்பா வரவில்லை. எந்த மூஞ்சியோடு போவது என்றார். அம்மாவும் நானும் போனோம், ரோடு வழியாக. அத்தை வீட்டு உத்தரத்தில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு தூளி கட்டியிருந்தது. துவைத்துத் துவைத்துப் பார்த்திருக்கிறாள். நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய கறை போகவே இல்லை. குழந்தை அதில் தூங்கிக்கொண்டிருந்தது.

"ஏது இந்தத் துணி? பொறந்த வீட்டுச் சீரா?" என்று மாமாவின் அண்ணி சிரித்தாள்.

"ஆமா," என்றாள் அத்தை.

அந்த அம்மாள் சிரித்தபடியே நகர்ந்துவிட்டாள். அம்மா மாமாவின் அண்ணனிடம் தயங்கித் தயங்கி, தங்கச்சியை அழைத்துப்போகட்டுமா என்று கேட்டாள்.

"அண்ணன் வந்து கேக்கட்டும்," என்றார் அவர். "கோடிதான் போடல. வாயாலயாவது கேக்கட்டும்."

அம்மா வீட்டுக்கு வந்து அதைச் சொன்னாள். அழுதாள், சண்டை போட்டாள், ஒருநாள் அடுப்பே மூட்டவில்லை. அப்பா மதகுக்குப் போய் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆவணியில் தண்ணீர் வந்தது. வாய்க்காலில் முதல் நுரையும் சருகும் உருண்டு வந்தபோது ஊரே கரையில் நின்றது. அப்பாவை உழவுக்குக் கூப்பிட்டார்கள், போனார். ஆனால் ஒவ்வொரு வயலிலும் இறங்குவதற்கு முன் வரப்பில் நின்று ஒரு காலை மட்டும் விட்டு அழுத்திப் பார்ப்பார். பிறகுதான் மறு காலை எடுத்து வைப்பார். கூட வந்தவர்கள், "என்ன, புதுப்பொண்ணு மாதிரி எறங்குற?" என்று கேலி செய்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான், கேதம் சொல்ல வந்த அதே ஆள் வேறு வேலையாக எங்கள் பக்கம் வந்தவர், அப்பாவைத் தேடிக்கொண்டு வந்தார்.

"உங்க தங்கச்சி ஒண்ணு கேட்டுட்டு வரச் சொல்லுச்சு," என்றார். "ஆத்துல தண்ணி வந்துடுச்சான்னு."

அப்பா களத்து மேட்டில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்துக் கவிழ்த்து வைத்தார்.

"வந்துடுச்சுன்னு சொல்லுங்க," என்றார்.

"வேற எதுவும் சொல்லணுமா?"

"வேற என்ன? தண்ணி வந்துடுச்சு."

அந்த ஆள் போய்விட்டார். அப்பா அவளை அழைக்கப் போகவில்லை. அவள் கேட்டது வேறு கேள்வி என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. தன்னைக் குத்திக்காட்டக் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். அத்தை உப்பளத்தில் மாமாவின் இடத்தில் வேலைக்குப் போனாள். உப்பு வாருகிற பலகையைப் பிடித்து அவள் கை காய்த்துப்போனதை அப்பா பார்க்கவே இல்லை.

அவர் இறந்தபோது அத்தை வந்தாள். தலைமாட்டில் உட்காராமல் கால்மாட்டில் உட்கார்ந்தாள். அவருடைய குதிகாலைத் தடவிக்கொண்டே இருந்தாள், எடுக்கும்வரை. அம்மாவிடம் பிறகு ஒருமுறை கேட்டேன், அத்தைக்குத் தெரியும் என்று அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்று. "சொன்னா, தங்கச்சிக்குத் தெரிஞ்சு போச்சேன்னு அதுக்கும் ஒரு வெக்கம் பட்டிருப்பாரு. ஒரு வெக்கத்தையே அந்த மனுசனால தாங்க முடியல," என்றாள். அம்மாவும் இப்போது இல்லை.

இந்த ஆடியில் அத்தை போய்விட்டாள். அவள் மகள்தான் போன் செய்தாள். "மச்சான், அம்மாவுக்குப் பொறந்த வீட்டுக் கோடி நீங்கதான் கொண்டாரணும். வேற யாரு இருக்கா?" செத்துப்போன பெண்ணுக்கும் அந்தத் துணி பிறந்த வீட்டிலிருந்துதான் வரவேண்டும். நீடாமங்கலத்தில் வாங்கினேன். கத்தரிப்பூ நிறத்தில் நூல் புடவை இல்லை என்றார்கள். மூன்று கடை ஏறி இறங்கி எடுத்தேன். இப்போது அத்தை ஊர் வாசல்வரை தார் ரோடு. வேனிலிருந்து பார்த்தபோது கழி தெரிந்தது. திட்டுகள் இன்னும் அங்கேயே இருக்கின்றன. எது அந்தத் திட்டு என்று எனக்குத் தெரியவில்லை.

நேரத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டேன். பெண்கள் கோடியைப் போர்த்தினார்கள். அத்தை மகள் என் பக்கத்தில் வந்து நின்றாள். அழுது ஓய்ந்த குரலில் பேசினாள்.

"நெனவு தப்புற வரைக்கும் ஒரே கேள்விதான் மச்சான். வருசா வருசம் ஆடி மாசம் உங்க பக்கத்து ஆளு யாரைப் பார்த்தாலும், ஆத்துல தண்ணி வந்துடுச்சான்னு கேக்கும். எங்களுக்கு ஒண்ணும் புரியாது. உப்பளத்துக்காரிக்கு ஆத்துத் தண்ணி எதுக்கும்மான்னு கிண்டல் பண்ணுவோம். உங்களுக்குத் தெரியுமா, ஏன்னு?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று அவளுக்குப் புரிந்திருக்காது.

இந்த வருடம் தண்ணீர் ஆனியிலேயே வந்துவிட்டது. அன்று காலை வாய்க்கால் இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டித்தான் வேன் ஏறினேன். வாய்க்கரிசி போட என்னைக் கூப்பிட்டார்கள். குனிந்து அரிசியைப் போட்டேன். அவள் காது என் வாய்க்குப் பக்கத்தில்தான் இருந்தது. வந்துடுச்சு அத்தை என்று ஒரு வார்த்தை சொல்ல நினைத்தேன். சுற்றி ஆட்கள் நின்றார்கள். எனக்குப் பேச வரவில்லை.

நிமிர்ந்து விலகி நின்றேன். வெளியே பறையின் அடி மாறியது.